முதுகில் ஆறு சதுரம்

குழாய்க்கு அடியில் புட்டியைப் பிடிக்க வேண்டும். கழுத்து வரை எண்ணெய் ஏறியதும் குழாயை மூடி, விளிம்பில் தொங்கும் கடைசித் துளியை ஆள்காட்டி விரலால் வழித்து, புட்டியை வலப்பக்கம் தள்ள வேண்டும். வழித்த துளியைத் துடைக்கத் துணி கிடையாது. துணியில் போனால் வீண். முன்கையில் தேய்த்துக்கொண்டால் மணம். நிரப்பும் அறையில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். ஒருமுறை ரப்பர் கையுறை கொடுத்துப் பார்த்தார்கள். எண்ணெய் பட்டு அது மதியத்துக்குள் கொழகொழவென்று இளகி விரலோடு ஒட்டிக்கொண்டது. அதன்பின் கையுறை என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

எலுமிச்சைப்புல் எண்ணெய். பக்கத்துக் கொட்டகையில் புல்லை ஆவியில் வேகவைத்து இறக்குவார்கள். நிரப்பும் அறைக்கு அது பொன்னிறமாக வந்து சேரும்.

அதை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் நிரப்புவதால் அந்தப் பெண்களில் ஒருத்திக்குச் சொட்டு அக்கா என்று பெயர். இப்போது அவளுடைய விரலிடுக்குகள் வெடித்திருந்தன. புறங்கை வெந்ததுபோல் சிவந்து, தோல் சருகாக உரிந்துகொண்டிருந்தது.

"நம்ம எண்ணெயையே போடுங்கக்கா. மருந்து கையிலயே இருக்கு, நீங்க வெளிய தேடுறீங்க" என்று சூப்பர்வைசர்தான் யோசனை சொன்னான். சுவரில் கம்பெனி காலண்டர் தொங்கியது. அதன்படி அந்த எண்ணெய் புண்ணை ஆற்றும், கிருமியைக் கொல்லும், கொசுவை விரட்டும், தூக்கத்தைத் தரும், முடியை வளர்க்கும். சொட்டு அக்கா நம்பினாள். காலையும் மாலையும் தேய்த்தாள். மணிக்கட்டோடு நின்றிருந்த சிவப்பு முழங்கை வரை ஏறியது.

"கிருமியைக் கொல்லுது, கொசுவை விரட்டுது. என் கைக்கு வந்தா மட்டும் பச்சப்புள்ளையாயிடுதா?" என்று அவள் அன்று சத்தமாகவே கேட்டுவிட்டாள்.

அறை சிரித்தது. பிறகு சட்டென்று அடங்கியது. வாசலில் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

முதலாளி கோபப்படுகிறவர் அல்ல; உரையாற்றுகிறவர். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பவர்களிடம் பேசவும் அவருக்கு மைக் வேண்டும். சூப்பர்வைசர் ஓடிப்போய் எடுத்து வந்தான்.

"இயற்கை" என்று தொடங்கினார். மைக் கீச்சிட்டது. "இயற்கை யாருக்கும் கெடுதல் செய்யாது. வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு நம்ம எண்ணெய் தோலுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு ஆதாரம் கேக்குது. இதோ, இந்த அம்மாவே ஆதாரம். வீட்டு சோப்பு பண்ற வேலையை என் எண்ணெய் மேல போடுறாங்க. பரிசோதனை பண்ணிடுவோம். எண்ணெய்தான்னு நிரூபணமானா இவங்களை அன்னைக்கே லேபிள் அறைக்கு மாத்துறேன். சோப்புன்னு வந்தா இனிமே ஒரு வார்த்தை பேசக்கூடாது. சரியா?"

"சரி" என்றாள் சொட்டு அக்கா. மைக்கை அவளிடம் நீட்டியிருந்ததால் அந்தச் சரி கொட்டகை வரை கேட்டது.

லேபிள் அறை உலர்ந்த அறை. காகிதமும் பசையும் மட்டும்தான். அங்கே லேபிள் ஒட்டி ஒட்டியே கோந்து என்று பெயர் வாங்கியவள் அவளுடைய சிநேகிதி. "வந்துடுடி! ஜன்னல் பக்கத்து ஸ்டூலை இப்பவே துடைச்சு வைக்கிறேன்" என்று குதித்தாள்.

பரிசோதனை, கம்பெனி ஆய்வுக்கூடத்து டாக்டரின் பொறுப்பு. அவர் எண்ணெய்களின் ரசாயனத்தில் பட்டம் வாங்கிய டாக்டர். ஆனால் வேலைக்காரர்கள் பல்வலி வந்தால் அவரிடம்தான் வாயைத் திறந்து காட்டினார்கள். அவரும் மறுக்காமல் எட்டிப் பார்த்து, "ம்ம்" என்பார். ஆய்வுக்கூடத்தில் சொட்டு அக்காவை ஸ்டூலில் உட்காரவைத்து, கோந்தைத் துணைக்கு நிறுத்திக்கொண்டு, முதுகில் சிறு சிறு சதுரப் பிளாஸ்திரிகளை ஒட்டினார். பக்கத்தில் பேனாவால் எண் போட்டார்.

"எண்ணெய்னு மொத்தமா சொல்லக்கூடாதும்மா. அதுக்குள்ள ஒரு கூட்டுக் குடும்பமே இருக்கு. சிட்ரல்தான் பெரும்பங்கு, வாசனையே அதுதான். அப்புறம் லிமோனீன், ஜெரானியால்னு கொஞ்சம் கொஞ்சம். தனித்தனியாப் பிரிச்சு, நீர்க்கவச்சு ஒட்டுறேன். கூடவே உங்க துணி சோப்பு, பாத்திரத் தூள், வெறும் தண்ணி."

"அந்தக் கூட்டுக் குடும்பத்துல எந்த மாமியார் கடிக்கிறான்னு பாக்கணும், அவ்வளவுதானே?" என்றாள் கோந்து.

டாக்டர் சிரிக்காமல், "அறிவியல்பூர்வமா சொன்னா, ஆமா" என்றார். எந்த எண்ணில் எது என்பது தன் தலைக்குள் பத்திரமாக இருப்பதாகச் சொல்லி நெற்றியைத் தட்டிக்காட்டினார்.

வீட்டில் சொட்டு அக்காவின் கணவர் முதுகைப் பார்த்ததும் விளக்கை அருகில் இழுத்தார். அவர் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்பவர்.

"யாரு ஒட்டினது இதை?"

"டாக்டர்."

"வரிசை கோணலா இருக்கே. என்னைக் கூப்பிட்டிருந்தா நூல் பிடிச்சு ஒட்டியிருப்பேன்."

"விளையாடாதீங்க. அரிக்குது."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதுல? எந்த நம்பர்?"

"எனக்கு முதுகுல கண்ணா இருக்கு? இடது பக்கம், கீழ் வரிசை."

"நாலு!" என்று அவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் யாரோ என்னவென்று கேட்டார்கள். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாலு சோப்பா இருந்தா?"

"வாயை மூடிக்கிட்டு புட்டி நிரப்ப வேண்டியதுதான். கை இருக்கிற வரைக்கும்."

மறுநாள் கழிவறைக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் போய் வந்தார்கள். சொட்டு அக்காவை உள்ளே நிறுத்தி, சட்டையின் பின்பக்கத்தைத் தூக்கி, ஆளுக்கொரு பக்கம் எட்டிப் பார்த்தார்கள். ஆவிக் கொட்டகைக்காரர்கள் வரை செய்தி போயிற்று. நாலு எண்ணெய்தான் என்று பாதிப் பேர் டீ பந்தயம் கட்டினார்கள். நாலு தண்ணீர் என்று கட்டிய ஒருத்தியை எல்லோரும் திட்டினார்கள்.

"மோந்து பாத்தா தெரிஞ்சிடுமே" என்று கோந்துக்கு மூளை வேலை செய்தது. மூக்கை முதுகில் வைத்து ஒவ்வொன்றாக இழுத்தாள். ஒன்றில் நம்ம வாசனை. இரண்டிலும் நம்ம வாசனை. தண்ணீரோ சோப்போ, ஆறிலும் அதே. தன் சட்டையை முகர்ந்தாள், அதுவும் அதே. கதவையும் முகர்ந்துவிட்டு, "போங்கடி, நம்ம மூக்குக்கு இனிமே எதுவுமே தனியாத் தெரியாது" என்று கைவிட்டாள்.

பிரிக்கிற நாள் வேலையை நிறுத்தி எல்லோரையும் வரச் சொன்னார்கள். திரைத் தட்டிக்குப் பின்னால் சொட்டு அக்காவும் கோந்தும் டாக்டரும். முன்னால் முதலாளி, மைக்கோடு. சொட்டு அக்கா உள்ளங்கைகளை முழங்காலில் அழுத்திக்கொண்டாள்.

"ஒண்ணு, சுத்தம்" என்றது டாக்டரின் குரல். "ரெண்டு, சுத்தம். மூணு, சுத்தம்."

பிளாஸ்திரி பிய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நாலு... அடேங்கப்பா!"

"என்ன, என்ன?" என்று பின் வரிசை எக்கியது.

"செவந்து புசுபுசுன்னு எழும்பி நிக்குது!" என்று கோந்து தட்டிக்கு மேலே தலையை நீட்டி அலறினாள். "டாக்டர், நாலு என்ன? சொல்லித் தொலைங்க!"

டாக்டர் நெற்றியைத் தட்டி யோசித்தார். ஒரு கணம் மறந்துவிட்டாரோ என்று பயமாக இருந்தது. "நாலு, சிட்ரல்! சந்தேகமே இல்ல! எவ்வளவு கொஞ்சமா வச்சேன் தெரியுமா? என்ன ஒரு வீரியம்! அம்மா, அசையாதீங்க, ஒரு படம் எடுத்துக்கிறேன்."

கூடம் அதிர்ந்தது. ஐந்தும் ஆறும் சுத்தம் என்று டாக்டர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள், டீ யார் யாருக்கு என்று கத்தினார்கள். சொட்டு அக்கா தட்டிக்குப் பின்னாலிருந்து சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலாளியை நேராகப் பார்த்தாள்.

முதலாளியின் முகம் தொங்கியது. ஆனால் கையில் மைக் இருந்ததால் சீக்கிரமே நிமிர்ந்தது.

"சொன்ன சொல் மாற மாட்டேன்!" என்றார். கைதட்டல். "லேபிள் அறைதான்! ஆனா டாக்டர், ஒரு சந்தேகம். அந்த சிட்ரல் அங்கே காத்துல இருக்காது இல்ல?"

டாக்டர் இன்னும் படத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். "இருக்காதாவது! சுவர்ல, காகிதத்துல, உங்க காபியில கூட இருக்கும் சார். அது ஆவியாகிற பொருள். இந்தக் கட்டடம் முழுக்க அதுதான்!"

"கேட்டீங்களா?" முதலாளியின் குரல் தழுதழுத்தது. "இந்தக் கட்டடமே இந்த அம்மாவுக்கு ஆகாது. தெரிஞ்சும் நான் வேலை வாங்கினா மனுஷனா? என் தொழிலாளியோட தோல் எனக்கு முக்கியம். இன்னையிலிருந்து இவங்களுக்கு முழு ஓய்வு. வீட்டுக்குப் போய் நல்லா இருக்கட்டும்!"

கை தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. கடைசிவரை தட்டினார்கள்.

"சார், லேபிள் அறைன்னு சொன்னீங்க" என்றாள் சொட்டு அக்கா. அவளுக்கு மைக் நீட்டப்படவில்லை.

அடுத்த வாரம் கம்பெனி மேலங்கியைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வாயிற்கதவுக்கு வெளியே பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். நிரப்பும் அறைக்கு ஆள் எடுக்கிறார்களாம். எல்லோருடைய இடது சட்டைக் கையும் தோள் வரை சுருட்டிவிடப்பட்டிருந்தது. மேல்கையில் வரிசையாகச் சதுரப் பிளாஸ்திரி. வெயிலில் வியர்த்தால் உரிந்துவிடுமென்று கையைக் காற்றில் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

முன்னால் சூப்பர்வைசர் ஒவ்வொரு பிளாஸ்திரியாகப் பிரித்து, டார்ச் அடித்து, தோலைப் பார்த்தான். சிவக்காதவள் உள்ளே. சிவந்தவள் கையை இறக்கிக்கொண்டு சாலையைப் பார்த்து நடந்தாள்.

வரிசையின் கடைசியில் இருந்தவள் சொட்டு அக்காவின் கையிலிருந்த மேலங்கியைப் பார்த்துவிட்டு நகர்ந்து வந்தாள்.

"அக்கா, உள்ள வேலை பாக்குறீங்களா? இந்த நாலு பிளாஸ்திரில எதுல எண்ணெய் இருக்கு?"

"எதுக்கு கேக்குற?"

"ஒண்ணு ராத்திரியெல்லாம் அரிச்சுது. அது எண்ணெயா இருந்தா..." அவள் மடியிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்துக் காட்டி, முன்பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "கொஞ்சம் பூசிட்டா தெரியாது இல்ல? இந்த வேலை கிடைச்சே ஆகணும்க்கா."

பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெம்பியிருந்தாள். அடியில் தோல் திட்டாகச் சிவந்து, பொடிப் பொடியாக எழும்பத் தொடங்கியிருந்தது.

"அடுத்தது!" என்றான் சூப்பர்வைசர். வரிசை ஓரடி முன்னே நகர்ந்தது.

சொட்டு அக்கா மேலங்கியைக் கீழே வைத்துவிட்டு, மறைப்பாக அவளுக்கு முன்னால் குந்தினாள். அந்தக் கையைத் தன் உரிந்த கைக்குள் வாங்கி மடிமேல் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் பவுடர் டப்பாவைத் தட்டினாள். வெள்ளைப் பொடி சிவப்பின் மேல் விழுந்தது. சிவப்பு தெரிந்தது. இன்னும் தட்டினாள்.