தண்ணீர் போகும் மூலை

மேஸ்திரி முனிகிருஷ்ணன் வேலைக்கு வந்த அன்றே நான் அடுப்பங்கரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவன் ஊத்துக்கோட்டைக்காரன், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவான். எந்தப் பாஷையில் ஏமாற்றுவான் என்று தெரியாது இல்லையா. சிமெண்ட் கலக்கும்போது பார்த்தேன். மணல் சலிக்கும்போது பார்த்தேன். தரையிலிருந்து பெயர்த்த கடப்பா கல்லை என் கையாலேயே தூக்கிக் கொல்லையில் அடுக்கினேன். இல்லாவிட்டால் சாயங்காலம் அது அவன் வண்டியில் ஏறிவிடும்.

“இன்னா பெரியவரே, போலீஸ்ல இருந்தீங்களா?” என்றான்.

“நெல்லு போட்டுக்கினு இருந்தேன். வியாபாரிங்கள பாத்து பழக்கம்.”

“அப்ப போலீஸே தேவல,” என்று சித்தாள் எல்லம்மா மணல் கூடையோடு சிரித்தாள்.

தரை மாற்றுவதே ஜானகிக்காகத்தான். அவள் என் பெண்சாதி. தை மாதம் அந்தக் கடப்பா கல் விரிசலில் கால் இடறி விழுந்தாள். முட்டி வீங்கி, சித்திரை வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். பையன் ஜெகன் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் சூப்பர்வைசர். புதுவாயலில் மாடி வீட்டில் பெண்டாட்டி காயத்ரியோடு இருக்கிறான். “இந்த ஊட்ட மூடிட்டு ரெண்டு பேரும் அங்க வந்துடுங்க நைனா,” என்றான். முடியாது என்றேன். என் அப்பன் எனக்கு விட்டது மூன்று துண்டு நிலமும் ஒரு மனையும். நிலம் போய்விட்டது. மனையில் நான் கட்டிய வீடு இது. இதை விட்டுப் போய் இன்னொருத்தன் மாடியில் செருப்பைக் கழற்றி வைத்து ஏறுவதற்கு நான் ஆளில்லை.

“அம்மா மறுபடி உயுந்தா?”

“தரையை மாத்து. வழுக்காத கல்லா போடு. அவளும் இங்கயே இருப்பா, நானும் இங்கயே இருப்பேன்.”

ஜெகன் உடனே சரி என்றுவிட்டான். அவன் அம்மாவும் சரி என்றாள். நான் சொன்னதை இந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உறைக்கவில்லை. வேலை ஆரம்பித்தது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை அடுப்பங்கரையில் ஆணி அடிக்கக்கூட ஜானகி விடமாட்டாள். ஒருமுறை கேஸ்காரன் வெள்ளிக்கிழமை அடுப்பை நகர்த்தினான் என்று அவனைத் தெருமுனை வரை திட்டிக்கொண்டே போனவள். இப்போது முனிகிருஷ்ணன் அடுப்பு மூலையில்தான் முதல் சுத்தியைப் போட்டான். அவள் கிணற்றடியில் உட்கார்ந்து பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள். தூசி படாமல் இருக்கக் கட்டுகிறாள் என்று நினைத்தேன். நான் மேஸ்திரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பார்க்கவில்லை.

டைல்ஸ் வந்து இறங்கியது. தடவிப் பார்த்தேன். உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது.

“இது பாத்ரூம் கல்லுடா. கடைக்காரன் தலையில கட்டிட்டான்.”

“அம்மா வழுக்கி உயக் கூடாதுன்னு நீதானே சொன்ன நைனா,” என்றான் ஜெகன்.

நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

கலவை போட்டுக் கல் பதிக்கிற அன்றைக்கு ஜெகன் லீவு போட்டுக்கொண்டு வந்தான். “கண்ணு மங்கலா இருக்குதுன்னியே நைனா, வா, திருவள்ளூர் போய் காட்டிட்டு வந்துடலாம்.” கம்பெனியில் லீவு கிடைக்காது என்று என் தம்பி சாவுக்கே மண் எடுத்துப் போடும் நேரத்துக்குத்தான் வந்தவன் அவன். எனக்காக லீவு போட்டிருக்கிறான் என்றதும் மனசு இளகிவிட்டது. நாற்காலியை ஜானகியிடம் காட்டி, “நீ இங்க குந்திக்கினு பாத்துக்கமே. அவன நம்பாத,” என்று சொல்லிவிட்டு வண்டியில் பின்னால் ஏறினேன். திருவள்ளூரில் நாஷ்டா வாங்கிக் கொடுத்தான். டாக்டர் என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, இந்த வயதுக்கு நன்றாகவே தெரிகிறது என்றார்.

திரும்பி வந்தபோது முக்கால்வாசி தரை முடிந்திருந்தது. ஜெகன் என்னை இறக்கிவிட்டு டீக்கடைப் பக்கம் போனான். நான் ஈரக் கல் மேல் போட்டிருந்த பலகையில் கால் வைத்து, ஒரு ரூபாய்க் காசால் கல் கல்லாகத் தட்டினேன். அடியில் கலவை இல்லாவிட்டால் டொக்கென்று கேட்கும். ஒரு இடத்திலும் கேட்கவில்லை. முனிகிருஷ்ணன் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். விடுவேனா நான், ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நடுவில் ஊற்றினேன்.

பாத்திரம் கழுவுகிற மூலையிலிருந்து கொல்லை வாழைக்குத்தான் தண்ணீர் போகும். வீடு கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கு ஊற்றிய தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடியது. கதவுக்குப் பின்னால், கக்கூஸ் சுவரை ஒட்டிய மூலைக்கு. அங்கே புதிதாக ஒரு ஓட்டை. சல்லடை மூடி வேறு போட்டிருந்தான்.

“மேஸ்திரி. வாட்டத்த தப்பா குடுத்துக்கீற.”

“நானா?” அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “என் வாட்டம் தப்பாவா? உம் புள்ள காட்டின மூலைக்கு பொட்டு மாறாம குடுத்துக்கீறேன், மட்டம் வெச்சிப் பாரு.”

“எம் புள்ளைக்கு இன்னா தெரியும்? அடுப்பங்கரை தண்ணி எங்கனா கக்கூஸ் பக்கம் போவுமா?”

எல்லம்மா கூடையைக் கீழே வைத்தாள். “அடுப்பங்கரையா? குளிக்கிற ரூமுன்னுதான சொன்னாங்க தாத்தா. கம்பெனி ஆளுங்க வரப் போறாங்கன்னு...” முனிகிருஷ்ணன் அவளை முறைத்தான். அவள் மறுபடி கூடையை எடுத்துக்கொண்டாள்.

கிணற்றடிக்குப் போனேன். ஜானகி கோணி மேல் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்கவே இல்லை. அவளே சொன்னாள்.

“காண்ட்ராக்ட்டர் ஒத்தரு ஊட வாடகைக்கு கேட்டாராம். கம்பெனி பசங்க தங்க. சாப்பாடு மெஸ்ல இருந்து வந்துடுமாம். தரை வேல முடிஞ்சதும் உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தோம்.”

“எவ்ளோ நாளா தெரியும்?”

“உனக்குச் சொன்னா நீ கேப்பியா? யாரத்தான் நம்பின நீ? நான் அந்தக் கல்லு மேல உயுந்து கெடந்தப்ப நீ ரேஷன் கடையில எடைக்கு சண்ட போட்டுக்கினு இருந்த. கத்திக் கத்தி தொண்டை போச்சு. பக்கத்து ஊட்டு ரோஜாதான் வந்து தூக்குனா. இனிமே இந்த அடுப்பங்கரையில தனியா நிக்க என்னால முடியாதுயா. பயமா கீது.”

“அத எங்கிட்ட சொல்லிக்கலாமே.”

“சொன்னா தரைய மாத்துன்ன. தரையா கூப்டா வரும்?”

நான் நாற்காலியில் காவலுக்கு உட்கார வைத்தது அவளைத்தான். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டேன், அவள் ஒருத்தியைத் தவிர.

“உன்ன நம்பினேன்மே,” என்றேன். அவள் முந்தானையால் முட்டியைத் துடைத்தாள். அங்கே அழுக்கு ஒன்றும் இல்லை.

ஜெகன் டீயோடு வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். “உனக்கு அங்க கட்டில் போட்டாச்சு நைனா. ஃபேனுக்கு கீழ. பேஜாரு பண்ணாத.”

“கண்ணு காட்டத்தான் கூட்டினு போனியா?”

அவன் டீ கிளாஸைப் பார்த்தான்.

முனிகிருஷ்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். “எதுன்னாலும் இப்பவே சொல்லுங்க. இப்ப பேத்தா கல்லு தேறும். காலையில கலவை பிடிச்சிக்கும், அப்புறம் ஒடைச்சித்தான் எடுக்கணும்.” அவன் என்னைப் பார்த்துக் கேட்டான், பையனைப் பார்த்து இல்லை. “யார் ஊடு இது?”

“என் ஊடு,” என்றேன். “பேத்துடு. வாட்டம் வாழமர மூலைக்கு.”

“அப்ப நான் போறேன்,” என்றாள் ஜானகி. சண்டைக்குச் சொல்கிற மாதிரி இல்லை. பஸ் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

“வாம்மா, அப்புறம் பேசிக்கலாம்,” என்றான் ஜெகன்.

“போவட்டும் உடு,” என்றேன். எழுந்து நிற்க அவள் கையை நீட்டினாள். என்னிடம்தான் நீட்டினாள். நான் நின்ற இடத்தில் நின்றேன். ஜெகன் வந்து தூக்கினான்.

ஷேர் ஆட்டோவில் கோணி மூட்டைகளும் அவளும் போனார்கள். உள்ளே முனிகிருஷ்ணன் ஒவ்வொரு கல்லாக நெம்பி எடுத்தான். எடுக்கும்போது சிலது உடைந்தது. அடுப்பு மூலைக்குக் கல் பத்தாமல் போயிற்று. கொல்லையில் நான் அடுக்கி வைத்திருந்த பழைய கடப்பா கல்லில் விரிசல் இல்லாததாக ஒன்றைப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். மறுபேச்சு பேசாமல் அதைப் பதித்தான். அன்றைக்கு நான் நாற்காலி போடவில்லை.

வேலை முடிந்து அவன் போய், கலவை பிடித்த மறுநாள் அடுப்பை மூலையில் வைத்தேன். ஜானகி எனக்கு ஒரு குண்டானும் கரண்டியும் தட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தாள். எப்போது எடுத்து வைத்தாளோ, வெளியே நகர்த்தியிருந்த கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் மூடி போட்டு இருந்தது. கஞ்சி வைத்துக் குடித்தேன். குண்டானைக் கழுவி ஊற்றினேன். தண்ணீர் நேராக வாழை மூலைக்குப் போனது, ஒரு சொட்டு தேங்கவில்லை.

ஜெகன் போன் செய்தான். “நைனா, அம்மா கேக்குது, சாப்டியான்னு.”

“அவள கேக்கச் சொல்லு,” என்றேன்.

போன் கை மாறும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மூச்சு எனக்குத் தெரியும், அவள்தான். பேசுவாள் என்று பார்த்தேன். நானும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே வைத்துவிட்டாள்.