உரக் கொட்டகையில் ஒரு கார் போன்

1

"டிரெஸர் எப்போ வருவாருன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்னு எழுதிடாதீங்க அக்கா. நான் வேலை பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"வாசலைப் பாக்கவே இல்லியா?"

"பாத்தேன் லா. வேலை பாத்துக்கிட்டே பாத்தேன்."

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது, கோலா சிலாங்கூரிலிருந்து கிள்ளான் போகும் பேருந்தில். பக்கத்து இருக்கையில் நவமணி. காளியண்ணனின் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறவள். அதற்கு முன் செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் இருந்தவள். நான் குடும்பக் கதை எழுதுகிறவள் என்று தெரிந்ததும் சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொன்னது எது, நான் சேர்த்தது எது என்பதை மறைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: ஆற்றின் மேல் மாலை வெயில் பொன்னாக உருகி...

வேண்டாம். அது காலை பத்து மணி.

இரண்டாவது தொடக்கம்: 1987. தோட்டத்து ஆஸ்பத்திரி வண்டியை ஓட்டிக்கொண்டு டிரெஸர்* மகாதேவா கடைக்கு வருகிறார். ஏழு மாதத்தில் ஆறாவது முறை. வண்டியில் பொருத்திய கார் போன் விடிந்தால் செத்துக் கிடக்கிறது. மூன்று பேட்டரி மாற்றியாகிவிட்டது.

"ராவில ஒருத்தரும் பேசுறேல்ல. பிறகேன் பேட்டரி காலியாகுது?" என்றார்.

"போன் நல்லாத்தான் இருக்கு," என்றார் காளியண்ணன். "டிரெஸருக்குத்தான் நம்ம கடைக் காப்பி பிடிச்சிருச்சு லா."

நவமணி தலையை நிமிர்த்தவில்லை. போன் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்க்க, பேட்டரிக் கம்பியில் மீட்டரை இணைத்தாள். ஐந்து முறையும் பார்த்தது போலவே, முள் அடியிலேயே சாதுவாகக் கிடந்தது.

(* தோட்டத்தில் டாக்டர் வராத நாளெல்லாம் டிரெஸர்தான் டாக்டர்.)

3

இங்கே என் கை அரித்தது. அவளைப் பார்ப்பதற்காக மகாதேவாவே பேட்டரியைத் தீர்த்துவிட்டு வருவதாக ஒரு பக்கம் எழுதினேன். நவமணியிடம் சொன்னேன்.

"அவரா? பிரசவத்துக்குக் கூப்பிடுற போனு அக்கா. அத வெச்சு விளையாடுற ஆளு இல்ல."

அப்படியானால் நீ பழுதைக் கண்டுபிடித்துவிட்டு, வேண்டுமென்றே இழுத்தடித்தாயா?

அவள் முகம் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. "வேலையில நான் பொய் சொல்ல மாட்டேன்."

எழுதிய பக்கத்தைக் கிழித்தேன். ஆனால் அவளுடைய சங்கடம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏழு மாதமாக அவரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறாள். கேட்கவில்லை. பழுது தீர்ந்தால் அவர் வருவதும் நின்றுவிடும். தீர்க்க வேண்டியவளும் அவளே.

4

"வண்டிய எங்க நிப்பாட்டுறீங்க?" இதை அவள் கேட்டது அவர் ஆறாவது முறை வந்தபோதுதான்.

"உரக் கொட்டகைக்குள்ள. போன் பனியில நனையக்கூடாதெண்டு."

மீட்டரை எடுத்துக்கொண்டு அவளும் தோட்டத்துக்குப் போனாள். கொட்டகைக்கு நான்கு பக்கமும் தகரம், மேலேயும் தகரம். இன்ஜினை நிறுத்தியதும் முள் எழும்பியது, விழுந்தது, மறுபடி எழும்பியது.

போனின் விளக்கு அணைந்திருந்தாலும் உள்ளே ஒரு வேலை நிற்பதில்லை. கோபுரத்தின் சிக்னலைக் கேட்டுக்கொண்டே இருக்கும். சிக்னல் கிடைத்தால் அமைதியாக இருக்கும். தகரத்துக்குள் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வோர் அலைவரிசையாகத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றிருக்கிறது.

[இந்த இடத்தில் நவமணியின் மனதைப் போனோடு ஒப்பிட்டு நான்கு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் போன் இல்லை.]

"தள்ளுங்க," என்றாள். இருவரும் வண்டியை வெளியே தள்ளினார்கள். வெயிலுக்கு வந்ததும் முள் இறங்கி அடங்கியது.

"அப்ப நான்தான் பழுதோ?"

"நீங்க இல்ல. கூரை."

மகாதேவா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அதுவே முதல் தடவை.

5

"இனி உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டன்," என்றார்.

முடிவு அ: அவரே எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறார். படிக்க இனிக்கும். ஆனால் அவர் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முடிவு ஆ: அவள் மீட்டரோடு பேருந்து ஏறிவிடுகிறாள். நீங்கள் என்னைத் திட்டிக் கடிதம் எழுதுவீர்கள்.

நடந்தது இரண்டும் இல்லை; ஏழு மாதமாக வைத்திருந்ததை அவளே கேட்டுவிட்டாள். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்டபோது கிள்ளான் வந்துவிட்டது. நவமணி சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். அந்தச் சிரிப்பை வைத்துப் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த பெண் என்றதும், யாழ்ப்பாணத்துப் பெருமை பேசும் அவருடைய அம்மா அன்னபாக்கியம் என்ன சொல்வார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கொஞ்சம் நல்லபடியாகவே எழுதுங்கள்.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான். அன்று கொட்டகை வாசலில் நவமணி மீட்டரின் வயரைச் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"டிரெஸர், ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. எங்கம்மாகிட்ட என்னைப் பொண்ணு கேளுங்க."