துணைக்கு வந்தவர்

சீல் சாருக்கு அந்தப் பெயர் வந்த கதை சின்னது. அவர் லிஃப்ட் ஆய்வாளர். லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைத் தாளின் ஓரம் கிழிந்திருந்தால்கூடப் போதும், கதவுக்குக் குறுக்கே நாடாவை ஒட்டி சீல் வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். பதினாலாவது மாடிக்காரர்கள் நாக்குத் தள்ளப் படியேறிக்கொண்டே அவருடைய குலம் கோத்திரத்தையெல்லாம் இழுப்பார்கள். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். "பெட்டி விழாம இருக்கணும்னா நான் கொஞ்சம் கெட்டவனாத்தான் இருக்கணும்" என்பார். இருபத்தாறு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு பெட்டியும் விழுந்ததில்லை. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு உலகத்திலேயே ரொம்பப் பிடித்த காரியம், விழுவது.

ஊருக்கு வெளியே ஒரு தீம் பார்க் இருந்தது. அதில் விழும் கோபுரம் என்று ஒன்று. பன்னிரண்டு பேரை நாற்காலிகளில் கட்டிப் பதினைந்து மாடி உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும். அங்கே கொஞ்ச நேரம் ஊரை வேடிக்கை பார்க்க வைக்கும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கையை விட்டுவிடும். ஏதாவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு அங்குலம் இறங்கி நின்றால் நான்கு பக்கம் அறிக்கை எழுதுகிற சீல் சார், இந்தக் கோபுரத்துக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பார்.

ஆனால் அதை வாய்விட்டு ஒருவரிடமும் சொன்னது கிடையாது. ஐம்பத்து மூன்று வயது, அரை வழுக்கை, வரும்போதே கட்டட உரிமையாளர்கள் எழுந்து நிற்கிற உத்தியோகம். எப்படிச் சொல்வது? அதனால் அலுவலகத்தில், "பொண்ணு உயிரை வாங்கறா, கூட்டிட்டுப் போகலைன்னா விடமாட்டா" என்பார். மனைவியிடம், "குழந்தை ஆசைப்படுறா, நாம என்ன பண்றது" என்பார். குழந்தைக்கு இப்போது இருபத்தொரு வயது.

மகளுக்கு எட்டு வயதானபோது ஆரம்பித்தது இது. கோபுரத்தின் வாசலில் சுவரில் சிவப்புக் கோடு ஒன்று உண்டு. அந்த உயரம் இல்லாத பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். மகளுக்கு நான்கு விரற்கடை போதவில்லை. அன்று முதல் சீல் சார் மாதம் ஒரு தடவை அவளைச் சமையலறைக் கதவோரம் நிறுத்தி, அலுவலக அளவு நாடாவை வைத்து அளந்து பென்சிலால் கோடு போட்டார். பாலை மிச்சம் வைக்க விடமாட்டார். பிள்ளை வளர்ப்பில் இத்தனை அக்கறையுள்ள தகப்பனா என்று மனைவி வாய் பிளந்தாள். இரண்டு வருஷம் கழித்துக் கோடு சரியாக வந்த அன்று, அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அதிலிருந்து வருஷா வருஷம், பரீட்சை முடிந்த முதல் சனிக்கிழமை, அப்பாவும் மகளும் போய் விழுந்துவிட்டு வருவார்கள்.

இந்த வருஷம்தான் சிக்கல். மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை ரயில். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். சீல் சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் வராவிட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அங்கே போவது? தனியாக ஒரு வழுக்கைத்தலை வரிசையில் நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

வெள்ளிக்கிழமை காலை காப்பியை ஆற்றிக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார்.

"அந்த பார்க்ல எல்லாத்துக்கும் புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்களாம்."

மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எந்த பார்க்குப்பா?"

"அதான், உனக்குப் பிடிச்ச பார்க்."

மனைவி பிசியோதெரபிஸ்ட். ஊரார் கழுத்தையெல்லாம் நேராக்குகிறவள். அவள் தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "போன தடவை போயிட்டு வந்து பத்து நாள் கழுத்து திரும்பாம கிடந்தீங்க. கழுத்துக்குப் போட்ட அந்தக் காலரை இப்பத்தான் துவைச்சு உள்ள வச்சேன்."

"எனக்காகவா சொல்றேன்? அவ ஊரை விட்டுப் போறா. ஆசையா இருக்காதா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது. ஆனால் சீல் சாருக்கு அதையெல்லாம் கவனிக்கிற நிதானம் இல்லை.

"சரிப்பா, போலாம்" என்றாள் மகள்.

அவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "என்னமோ போ, உனக்காகத்தான்" என்றார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து ஈயென்று இளித்தார்.

சனிக்கிழமை கூட்டம் நெரிந்தது. கோபுரத்து வரிசையில் நின்றபடி சீல் சார் ஆட்களை எடை போட்டார். பாதிப் பேருக்கு மேல் முப்பது தாண்டியவர்கள். ஆளுக்கொரு பிள்ளையைக் கையில் பிடித்திருந்தார்கள். முன்னால் நின்றவர் தோளில் ஒரு கைக்குழந்தை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. "பையன் ஒரே அடம் சார்" என்றார் அவர். சீல் சார் மிகுந்த அனுதாபத்தோடு தலையாட்டினார். திருடனுக்குத் திருடனை அடையாளம் தெரியாதா என்ன.

வரிசை நகர நகர மகள் கேட்காமலே உள்ளங்கையை நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, முன்வரிசையில் இருந்த பொய்ப்பல்லைக் கழற்றி, சின்ன டப்பாவில் போட்டு அதையும் கொடுத்தார். பதினோரு வருஷப் பழக்கம். மகள் இரண்டையும் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

கோபுரத்து வாசலில் ஆள் உயரப் பலகை ஒன்றில் விதிமுறைகள் எழுதியிருந்தது. கட்டடம் கட்டடமாகப் போய் இப்படிப்பட்ட பலகைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிற சீல் சார், இந்தப் பலகையை மட்டும் பதினோரு வருஷமாகப் பார்த்ததே இல்லை. அந்த இடம் வந்ததும் அவருக்கு வானத்தில் ஏதாவது வேலை வந்துவிடும்.

கழுத்தில் விசில் தொங்க நின்ற வாசல்காரர் எல்லாரிடமும் கேட்பதைப் போல ஒரே மூச்சில் கேட்டார்: "இதயம், முதுகு, கழுத்து, ஏதாவது பிரச்சனை இருக்கா சார்?"

"ஒண்ணும் இல்ல" என்றார் சீல் சார். கட்டட உரிமையாளர்கள் அவரிடம் வழக்கமாகச் சொல்கிற அதே குரல்.

"இருக்கு" என்றாள் மகள். "கழுத்துல எலும்பு தேஞ்சிருக்கு. ஸ்கேன் எடுத்தாங்க. இன்னொரு தடவை குலுங்கினா கை மரத்துப் போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

சீல் சார் முகத்தில் ஈயாடவில்லை. அந்த ஸ்கேன் காகிதத்தை அவர் பனியன்களுக்கு அடியில் அல்லவா ஒளித்து வைத்திருந்தார்.

வாசல்காரர் அவரை மரியாதையாக ஓரமாக நிறுத்தி, குறுக்கே சங்கிலியை மாட்டினார். "தப்பா நினைக்காதீங்க சார். ரூல்."

அந்த ஒரு வார்த்தையை இருபத்தாறு வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர். தனக்கு யாராவது சொன்னால் எப்படி இருக்கும் என்று இதுவரை யோசித்ததில்லை. நன்றாகவே இல்லை.

கோபுரத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மகளும் வந்து உட்கார்ந்தாள்.

"கூட்டிட்டு வந்து காலை வாரி விட்டுட்டியே" என்றார். முன்பல் இல்லாததால் கோபம் காற்றாகப் போயிற்று.

"வீட்டுலயே சொல்லியிருந்தா நான் ஊருக்குப் போனதும் தனியா வந்து ஏறியிருப்பீங்க. இப்ப அந்த ஆளுக்கு உங்களைத் தெரிஞ்சுபோச்சு. இனிமே விடமாட்டார்."

பெண்ணுக்குத் தன் மூளைதான் என்று ஒரு கணம் பெருமையாக இருந்தது. உடனே பெருமையை ஒதுக்கிவிட்டு, தியாகியாக மாறினார். "சரி, என் தலையெழுத்து. நீயாவது போயிட்டு வா. இங்கிருந்தே பார்க்கறேன். இதுக்குன்னே வருஷம் பூரா காத்திருக்கிறவ நீ."

மகள் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு இது பிடிக்காதுப்பா."

"எது?"

"கோபுரம். எப்பவுமே பிடிக்காது. எனக்கு உயரம்னாலே பயம்."

"விளையாடாத. பதினோரு போட்டோ வச்சிருக்கேன்."

விழுகிற நேரத்தில் அங்கே ஒரு கேமரா தானாகப் படம் எடுக்கும். வருஷா வருஷம் அதை வாங்கி பீரோவில் பத்திரப்படுத்துவார். மகள் கேட்டாள்: "அதுல ஒண்ணுலயாவது என் கண்ணு திறந்திருக்கா?"

சீல் சார் யோசித்துப் பார்த்தார். பதினோரு படத்திலும் தன் தாடை இரட்டையாகத் தெரிகிறதா, பல் இல்லாத ஓட்டை தெரிகிறதா என்று பார்த்தது ஞாபகம் இருந்தது. மகளுடைய கண் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஒட்டுத்தாளின் ஓரம் கிழிந்ததைக் கண்டுபிடிக்கிற ஆய்வாளர். அவருக்கு அவமானமாக இருந்தது. கழுத்தைப் பற்றிச் சொன்னபோது வந்த அவமானம் இதற்குக் கால் தூசு பெறாது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"எப்படிப்பா சொல்றது? ரெண்டு வருஷமா கதவோரம் நிக்க வச்சு அளந்தீங்க. நான் கோட்டைத் தொட்ட அன்னிக்கு என்னைத் தூக்கிச் சுத்தினீங்க. அப்புறம் போய் பயமா இருக்குன்னு சொல்ல முடியுமா?"

"சரி, சின்னப் பொண்ணு, சொல்லலை. அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பழகிடுச்சு. விழும்போது நீங்க சிரிப்பீங்க. வீட்டுல அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே கிடையாது. அதைக் கேட்கத்தான் வருவேன். கண்ணை மூடிக்கிட்டா இன்னும் நல்லா கேட்கும்."

எதிரே கோபுரம் பன்னிரண்டு பேரை மேலே கொண்டுபோய் நிறுத்தியது. சீல் சார் அண்ணாந்து பார்க்கவில்லை. கழுத்து இடம் கொடுக்கவில்லை என்பது பாதிக் காரணம்தான்.

"அப்படி என்னதாம்ப்பா இருக்கு உங்களுக்கு இதுல?"

"அது காந்த பிரேக்கும்மா. எடையைக் கணக்குப் பண்ணி, வேகத்தைக்..." என்று ஆரம்பித்தார். மகள் பார்த்த பார்வையில் நிறுத்தினார்.

"ஊர்ல எந்த லிஃப்டுல ஏறினாலும் என் கையெழுத்துத்தான் தொங்குது. கதவு கொஞ்சம் தட்டித் திறந்தாலும் எனக்குத் தூக்கம் போயிடும். யாரோ ஒரு பாட்டி உள்ள மாட்டிக்கிட்டாங்கன்னு போன் வருமோன்னு இருபத்தாறு வருஷமா போனை இடுப்புலயே வச்சிருக்கேன். இதுல ஏறினா மட்டும், போனைப் பிடுங்கி வச்சிடறான், கையையும் கட்டிடறான். வேற எவனோ கையெழுத்துப் போட்டிருக்கான். விழுந்தா அவன் பாடு. ஒரு நிமிஷம் நான் எதுக்கும் பொறுப்பில்ல."

சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்தது. இதற்காகவா இரண்டு வருஷம் ஒரு பெண்பிள்ளையைப் பால் குடிக்க வைத்து அளந்தோம் என்று தோன்றியது. பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

"நீ வரலைன்னா எதைச் சாக்கு வச்சு இங்க வர்றதுன்னுதான் ஒரு வாரமா கவலைப்படறேன்னு நினைச்சேன்" என்றார். "அது இல்ல. திங்கட்கிழமை நீ போறது எனக்குத் தாங்கல. அவ்வளவுதான் விஷயம்."

மகள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியையும் டப்பாவையும் நீட்டினாள். "பல்லைப் போட்டுக்கோங்க. ஏதாவது ஒண்ணுல ஏறிட்டுப் போலாம்."

கழுத்து குலுங்காததாக அந்தப் பார்க்கில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மரங்களுக்கு நடுவே சுற்றி வருகிற பொம்மை ரயில். பிள்ளைகள் ஓடினால் முந்திவிடக்கூடிய வேகம். நான்கு பெட்டி, மேலே பூ வரைந்த கூரை, பெஞ்சு உயரம் ஒரு முழம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அம்மாள் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"பெரியவங்க மட்டும் ஏறக்கூடாதும்மா. குழந்தையோட வந்தாத்தான் விடுவோம்."

பலகையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. சீல் சார் இந்தத் தடவை அதை ஒழுங்காகப் படித்தார். ரூல் ரூல்தான். திரும்பிப் போகலாம் என்று மகளின் கையைத் தொட்டார். அவள் நகரவில்லை.

"குழந்தையோடதான் வந்திருக்கேன்" என்றாள்.

அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்புறம் சீல் சாரை, வழுக்கையிலிருந்து செருப்புவரை ஒரு தடவை பார்த்தாள். வேறு எங்கேயாவது, வேறு எவராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவர் நான்கு பக்கம் அறிக்கை எழுதியிருப்பார். இப்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தன்னால் முடிந்த அளவு குள்ளமாக நின்றார்.

"உங்க பொறுப்பும்மா" என்று அந்த அம்மாள் கையை எடுத்தாள். "பெல்ட்டை நீங்களே போட்டு விட்டுடுங்க. அவங்களுக்குத் தானா போட்டுக்கத் தெரியாது."

அவருக்குத் தெரியும். அந்தக் கொக்கி எந்த எடை வரை தாங்கும் என்றுகூடத் தெரியும். ஒன்றையும் சொல்லாமல் அந்த முழ உயர பெஞ்சில் முட்டி மோவாயில் இடிக்க உட்கார்ந்து, மகள் பெல்ட்டை மாட்டுவதற்கு வசதியாக இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டார்.