நான்காவது வேலை

சிந்துஜா அதுவரை மூன்று வேலைகளை விட்டிருந்தாள். துணிக்கடை, பள்ளி அலுவலகம், டிராவல்ஸ். மூன்று இடத்திலும் யாரோ ஏதோ சொன்னார்கள். மறுநாளிலிருந்து அவள் போகவில்லை. கடற்கரைப் பக்கம் உள்ள விடுதியில் ரிசப்ஷன் வேலை நான்காவது. அங்கேயும் நேற்று அது நடந்துவிட்டது.

ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கியிருந்த அறையை அவள் தவறுதலாக வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாள். பெட்டிகளோடு நின்றிருந்தவர்கள் முன்னால் மேனேஜர் சுமலதா, "கொஞ்சமாவது கவனம் வேணாமா?" என்று கேட்டாள். சிந்துஜா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அரியாங்குப்பத்தில் இருந்த வீட்டுக்கு வந்துவிட்டாள்.

காலையில் கணவன் ராஜவேலிடம் சொன்னாள். "லாஸ்பேட்டைல ஒரு கோச்சிங் சென்டர்ல ஆள் கேக்கறாங்க. பாத்துட்டு வரேன்."

"மறுபடியுமா?" என்றான் அவன். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

சென்டரை நடத்தும் கோபிநாத் பொதுவாகத்தான் கேட்டார். "அந்த வேலைய ஏம்மா விடற?"

"மரியாதை இல்ல சார்."

"அதுக்கு முன்னாடி டிராவல்ஸ்ல?"

அதே பதில்தான் நாக்கு நுனியில் நின்றது. அதற்கு முந்தைய இடத்துக்கும் அதுதான். சொல்ல வாய் வரவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "திங்கக்கெழம சேந்துக்க. சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு" என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் மனம் ஒரு நிலையில் இல்லை. கொக்கு பார்க் சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் நின்றாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். வீட்டுக்குத்தான் கிளம்பினாள். முருங்கப்பாக்கம் வரை வந்து, ஓரமாக நிறுத்தினாள். அந்த சென்டரிலும் ஒருநாள் யாராவது ஏதாவது சொல்வார்கள். அப்புறம் எங்கே போவது? வண்டியைத் திருப்பினாள்.

சுமலதா அலுவலக அறையில் தாமதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சிந்துஜா உட்காரவில்லை.

"ரூம் மாத்திக் குடுத்தது என் தப்புதான் மேடம். ஆனா அத்தன பேர் முன்னாடி நீங்க கேட்டது தாங்க முடியல. இனிமே உள்ள கூப்பிட்டுச் சொல்லுங்க."

சுமலதா டப்பாவை மூடினாள்.

"நீ பாட்டுக்குப் போயிட்ட. அந்தக் கொழந்தைங்க அழுவுது, அவரு கத்தறாரு. வேற எடத்துல ரூம் பாத்து அனுப்பற வரைக்கும் நான் ஒருத்தியா நின்னேன். அத நெனச்சியா?"

நினைக்கவில்லை. நேற்றிலிருந்து தன் அவமானத்தைத் தவிர வேறெதையும் அவள் நினைக்கவில்லை.

"இல்ல மேடம்."

"சரி. நான் உள்ள கூப்பிட்டே சொல்றேன். நீ நடுவுல விட்டுட்டுப் போவாத."

வெளியே வந்து கோபிநாத்துக்கு போன் செய்து, வரவில்லை என்றாள். சொன்ன பிறகும் நிம்மதி வரவில்லை. தப்பாக முடிவெடுத்துவிட்டோமோ என்று அன்று முழுவதும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

மறுவாரமே சுமலதா மறந்துபோய், தங்க வந்தவர்கள் முன்னால் குரலை உயர்த்தினாள். சிந்துஜாவுக்கு முகம் சூடானது. அப்படியே வாசலைப் பார்த்து நடந்துவிடலாம் போலிருந்தது. அவர்களுக்குச் சாவி கொடுத்தாள். அவர்கள் மாடிக்குப் போகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு அலுவலக அறைக் கதவைத் தட்டினாள்.

"தெரியும், வா" என்றாள் சுமலதா.