பந்து விழும் இடம்

அன்று காலை மூன்றாவது பந்தும் கமறியாவின் கருவாட்டுப் பரணிலேயே வந்து விழுந்தது. காயப் போட்டிருந்த கட்டா மீன் துண்டுகள் மணலில் சிதறின. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கண்டக்குழிக் கடற்கரையில் வாப்பா அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த காணியும் மீன்வாடிக் கொட்டிலும் இது. பக்கத்துத் தென்னந்தோட்டத்தை வாங்கிய ஹோட்டல்காரர்கள் கொல்ஃப் பழக ஒரு திடல் போட்டபோது, இருநூறு கஜத்துக்கு அங்கால் ஒரு பந்தும் வராது என்று சொன்னார்கள். முதல் வருஷம் வரவும் இல்லை. இந்த இரண்டு மாதமாகத்தான் இந்தச் சனியன்.

வரவைத்தது வேறு யாருமில்லை, அவளுடைய புருஷன் ஜவ்பர்தான். பந்து பொறுக்கத்தான் ஹோட்டலில் அவனை வேலைக்கு எடுத்தார்கள். வந்த கொழும்புக் கனவான்கள் எல்லாம் கையால் மட்டும் வீசுவதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவன் கரைவலை இழுத்து வளர்ந்தவன்; வலையைக் கையால் மட்டும் இழுத்தால் தோள்தான் கழலும். குதிகாலை மணலில் ஊன்ற வேண்டும், பிறகு இடுப்பு, கை கடைசியில்தான். அதையே அவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தான். மட்டைக்குப் பதிலாக வீடு கூட்டும் பாரமில்லாத தும்புத்தடியைக் கொடுத்து, காற்றுக் கிழியும் சத்தம் கேட்கும்வரை வீச வைத்தான். வேகம் காட்டும் மெஷினில் எண் ஏறியது. பந்து வேலியைத் தாண்டியது. அந்தத் தும்புத்தடி கமறியாவின் வீட்டுத் தும்புத்தடி. அவளும் அப்போது பெருமையாகச் சிரித்தவள்தான்.

பகல் சாப்பாட்டுக்கு வந்த ஜவ்பர் ஒரு கடதாசியை நீட்டினான்.

"இதில ஒரு கையெழுத்து வை. மெனேஜர் தந்தவர்."

"என்னத்துக்கு?"

"சனிக்கிழம தூரம் அடிக்கிற போட்டி. பந்து விழுற இடம் ஆபத்தாம். வாடிய கொஞ்சம் தள்ளிப் போடட்டாம்."

"நீங்க வாசிச்சீங்களா?"

"இங்கிலீஷ்ல இருக்கு."

ஏ.எல். வகுப்பில் படிக்கும் மகள் றிஷ்னா வாங்கி வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் மாறியது. "உம்மா, தள்ளிப் போடுறதெண்டு ஒரு இடத்திலயும் இல்ல. காணிய விட்டுக் குடுக்கிறன், திரும்பக் கேக்க மாட்டன் எண்டு இருக்கு. கீழ சாட்சி எண்டு வாப்பாட கையெழுத்து."

கமறியாவுக்குக் கோபம் தலைக்கு மேலே ஏறிவிட்டது. "வேகமா அடிக்கப் பழக்கினது நீங்க. பந்து வாறது உங்களால. பந்து வருதெண்டு என்ட காணிய எழுதி எடுக்கிறான், அதுக்குச் சாட்சியும் நீங்களா? வெக்கமில்லயா உங்களுக்கு?"

அவள் கடதாசியைப் பறித்துக்கொண்டு மீன் செதிள் ஒட்டிய கையோடு திடலுக்கு நடந்தாள். ஜவ்பர் அவள் பின்னால் ஓடினான்.

மெனேஜர் முஸம்மில் ஐந்தாறு விருந்தாளிகளோடு அங்கே நின்றான். நல்ல வெள்ளைச் சட்டை, நல்ல சிரிப்பு.

"ராத்தா, உங்கட நல்லதுக்குத்தான். நாளைக்கு ஒரு பந்து தலையில பட்டா?"

"படாம அடிங்க."

"அது எப்படி? ஆக்கள் இஞ்ச வாறதே தூரமா அடிக்கத்தானே."

தூரமாக அடிப்பதுதான் பெரிது, அவள் தலை பெரிதில்லை. கமறியா குனிந்தாள். நின்று அடிக்கும் பச்சைப் பாயை இரண்டு கையாலும் இழுத்து மறுபக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் ஐம்பது அடியில் ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபம், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. உள்ளே ஆளில்லை. பாயில் ஒரு பந்தை வைத்தாள்.

"இஞ்சேருங்க, அடிங்க," என்றாள் ஜவ்பரிடம்.

முஸம்மில் சிரித்தான். ஜவ்பர் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த கடதாசியைப் பார்த்தான். ஒரு மட்டையை எடுத்தான், குதிகாலை ஊன்றினான், மட்டையைத் தோளுக்கு மேலே கொண்டுபோனான்.

முஸம்மிலின் சிரிப்பு பறந்தது. வெள்ளைச் சட்டை பறக்க ஓடிப்போய்க் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றான்.

"டேய், அடிக்காத! உனக்கென்ன விசரா? ஆள் நிக்கிறது தெரியல்லயா?"

"நானும் ஆள்தான், சேர்," என்றாள் கமறியா. "ரெண்டு மாசமா அப்படித்தான் நிக்கிறன்."

விருந்தாளிகளில் ஒருவர் தன் மட்டையை மெதுவாகப் பைக்குள் வைத்தார். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். ஜவ்பரின் மட்டை இறங்கவில்லை.

"சரி, சரி! திடல அடுத்த பக்கம் திருப்புறன். கடதாசிய கிழிங்க!"

இத்தனை பேருக்கு முன்னால் முஸம்மிலின் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டாள். கமறியா கடதாசியை நான்காகக் கிழித்தாள். ஜவ்பர் மட்டையை இறக்கிவிட்டு, ஏதோ பெரிய காரியம் செய்தவன் போல அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கிழித்த துண்டுகளில் அவன் கையெழுத்து இருந்ததை மட்டும் தேடி எடுத்து அவன் கையில் வைத்தாள்.