டேஷ்போர்டில் ஒரு தேங்காய்

அந்தத் தேங்காயைப் பார்த்த நிமிடமே பிரவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சென்னிமலைக் கோயில் வாசலில் புதுக் காருக்குப் பூசை முடிந்திருந்தது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியாயிற்று, கண்ணாடியில் சந்தனமும் வைத்தாயிற்று. இனி மலையை விட்டு இறங்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மாமனார் ஆறுச்சாமி முன்சீட்டில் ஏறி, மஞ்சள் பூசிய முழுத் தேங்காய் ஒன்றை டேஷ்போர்டின் நடுவில் வைத்து, அதற்குப் பூவும் சுற்றினார்.

“மாமா, அதப் பையில வெச்சுக்கங்க. வளைவுல உருண்டு வந்துருமுங்க.”

“ஊட்டு வாசல்ல ஒடைக்கற காய் கண்ணு. சாமிகிட்ட வெச்சதக் கீழ வெக்கக்கூடாது. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு, சீட் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டிக்கொண்டார். மாட்டாவிட்டால் வண்டி கத்துமாம். கத்தலை நிறுத்துவதற்குத்தான் பெல்ட் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. பின்சீட்டில் மாமியார் ராசாத்தாளோடு உட்கார்ந்திருந்த புருசன் மோகன்குமாரை, ஸ்டியரிங்கில் இருந்த பிரவீனா கண்ணாடியில் பார்த்தாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லுவான் என்று பார்த்தால், அவன் போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

கார் அவளுடையது. பெருந்துறை சிப்காட்டில் ஒரு துணி ஆலையில் தரம் பார்க்கும் வேலை. வருடக்கணக்காகக் கம்பெனி பஸ்ஸில் இடிபட்டு, தன் சம்பளத்தில், தன் பெயரில் எடுத்த கார். லைசென்ஸும் கையில் இருக்கிறது. ஆனாலும் புருசனாகப்பட்டவன் ஒரு பரீட்சை வைத்தான். “மலை ஏறி எறங்கிக் காட்டு. பிசகில்லாம வந்தாச் சாவி உன்கிட்ட. இல்லீன்னா தெனமும் நானே கொண்டுபோயி உட்டுட்டுக் கூட்டியாறேன்.” தன் காருக்குத் தானே பரீட்சை எழுதுவதா என்று வயிறு எரிந்தது. எழுதித் தொலைப்போம் என்றுதான் ஒப்புக்கொண்டாள். ஏறும்போது ஒரு குறையும் வைக்கவில்லை.

இறக்கத்தில் செகண்ட் கியரில் விட்டாள். என்ஜின் உறுமிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடித்தது.

“ஏன் இப்புடி உறும உடற? நியூட்ரல்ல தட்டு. தானா எறங்கும், பெட்ரோலும் மிச்சம்” என்றான் மோகன். “நான் எத்தன வருசமா ஓட்டறேன். இந்த மலைய நான் கியர்ல எறங்குனதே இல்ல.”

அவள் ரோட்டையே பார்த்து ஓட்டினாள். கியரிலிருந்து கையை எடுக்கவில்லை.

அடுத்தது இடப்பக்க வளைவு. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் தேங்காய் புரண்டது. ஆறுச்சாமி கையை நீட்டுவதற்குள் அவள் மடியில் விழுந்து, காலடிக்கு உருண்டு போயிற்று. எதிரே கோயில் மினி பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தாள். பாதி கூட இறங்கவில்லை. பெடலுக்கு அடியில் தேங்காய் கல்லுப்போல உட்கார்ந்திருந்தது.

“பிரேக்கப் புடி, பிரேக்கப் புடி” என்று கத்திக்கொண்டே மோகன் இரண்டு சீட்டுக்கும் நடுவில் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தான். வலது பக்கம் பஸ். அதற்கு அப்பால் பள்ளம். அவள் முழங்கையால் அவன் மார்பில் ஓங்கி ஒன்று விட்டாள். கை விலகியது. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்து, ஃபர்ஸ்ட் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கினாள். இடது சக்கரங்கள் மலையோர மண்ணில் இறங்கிக் கரகரத்தன. கதவு ஒரு பாறையை உரசிக்கொண்டு தாண்டியது. வண்டி நின்றது. பஸ் ஆரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது.

ஆறுச்சாமி கண்ணைத் திறந்தார். “முருகன் காப்பாத்திப்போட்டான்.”

மோகன் இறங்கி முதலில் கதவைத்தான் பார்த்தான். உசிரோடு இருக்கிறாயா என்று ஒருவரையும் கேட்கவில்லை. “மொத நாளே கோடு போட்டுப்போட்ட. இதுக்குத்தான் சொன்னது. எறங்கு. சாவியக் குடு. நானா இருந்தா...”

அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே பிரவீனா இறங்கினாள். உடம்பு முழுக்கக் கோபம்தான் நின்றது.

“நீங்களா இருந்தா நியூட்ரல்ல வந்திருப்பீங்க” என்றாள். “இந்நேரம் நாலு பேரும் பள்ளத்துல கெடந்திருப்போமுங்க.”

மோகன் சாவிக்காகக் கையை நீட்டினான்.

அவள் குனிந்து பெடலுக்கு அடியிலிருந்து தேங்காயைப் பிடுங்கினாள். அந்தப் பாறையிலேயே, இருந்த ஆத்திரமெல்லாம் கூட்டி ஒரே வீச்சாக வீசினாள். சில்லுச் சில்லாகச் சிதறியது. தண்ணீர் மோகன் சட்டையில் தெறித்தது.

“அம்மணி, அது வாசல்ல ஒடைக்கற காயி” என்றார் ஆறுச்சாமி.

“உசிரோட போனாத்தானுங்க மாமா வாசலு. சாவி யாருக்கும் தர மாட்டேன். என்ற காரு, நாந்தான் ஓட்டுவேன். பெல்ட் மாட்டறவங்க ஏறுங்க. முடியாதவங்க அடுத்த பஸ்ல வாங்க.”

ராசாத்தாள் பின்சீட்டிலிருந்து இறங்கினாள். நேராக வந்து முன்கதவைத் திறந்து, “நீங்க பின்னால போங்க” என்று புருசனிடம் சொன்னாள். அவர் இறங்கியதும் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை மார்புக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு தடவித் தேடினாள்.

“இத எங்க மாட்டறது கண்ணு?”

பிரவீனா மாட்டிவிட்டு ஸ்டியரிங்குக்கு வந்தாள். ஆண்கள் இருவரும் கொஞ்ச நேரம் வெளியில் நின்றார்கள். அடுத்த பஸ் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை. ஏறினார்கள். பின்னால் ஒரு பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது. அது மாமனார்.

மோகன் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பிரவீனா சாவியைத் திருப்பவில்லை. கண்ணாடியில் அவனையே பார்த்துக்கொண்டு, இரண்டாவது சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.