பின்சுவரின் முல்லை

மட்டுப்பா என்கிற கான்கிரீட் கூரை கோடையில் அடுப்பாகிவிடும் என்று பலரும் சொன்னதால்தான் தேவகுமார் புது வீட்டின் சுவர்களில் காற்றுத் துளைகள் வேண்டுமென்றான். அவன் தங்கை ராகேலுக்கு மூச்சிளைப்பு. கடல்காற்று வாசல்பக்கம் நுழைந்து அவள் அறையின் பின்சுவர் வழியே வெளியேற வேண்டும். லேஸ் பின்னுகிற ராகேலே துளைகளை வரைந்தாள்: வாசலின் இருபுறமும் திராட்சைக்கொடி, தன் அறைக்கு முல்லை. குயவர் அதைக் களிமண் பலகையில் அறுத்துச் சுட்டுத் தந்தார்.

வீட்டுப் பிரதிஷ்டைக்கு முந்தைய நாள் திராட்சைப் பலகை ஒன்று உடைந்தது. போதகர் ஐயரும் சபையாரும் வரும்போது வாசலில் ஒரு பக்கம் மொட்டையாகவா நிற்கும்? தேவகுமாரின் மனைவி தங்கபாய் முல்லையை முன்னால் பதிக்கச் சொன்னாள். பின்சுவரைச் செங்கல்லால் அடைக்கச் செய்தாள்.

"பின்சுவத்துக்குள்ளதுதான் உடஞ்சுபோச்சு" என்றாள் கணவனிடம். அவன் கண்ணுக்குத் திராட்சையும் முல்லையும் ஒன்றுதான். பக்கத்தில் இருந்த ராகேல் லேஸிலிருந்து தலை நிமிரவில்லை.

சித்திரையில் அவள் அறை வெந்தது. மூச்சுக்காக வாசல் முல்லைப் பலகையடியில் வந்து உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் வாசலில் பெண்கள் குரல் கேட்டது.

"ஏட்டி, ஆளு வருது. கொஞ்சம் உள்ள போயிரு" என்று ராகேலை அனுப்பி, அவள் அறைக்கதவைச் சாத்தினாள் தங்கபாய்.

"சுவருக்கும் பாவாடை மாதிரி லேஸ் வச்சுட்டியா தங்கபாய்!" என்று வந்தவர்களில் கிருஷ்ணமணி சிரித்தாள். தங்கபாயும் சிரித்தாள். உள்ளே இழுப்புச் சத்தம் கேட்டது. கேட்காததுபோல் முறுக்குத் தட்டை நீட்டினாள்.

அவர்கள் போனபின் கதவைத் திறந்தாள். ராகேல் தரையில் படுத்து, கதவின் கீழிடுக்கில் வாயை வைத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் பாடம் முடித்து வந்த தேவகுமாரைத் தங்கபாய் சட்டை கழற்றக்கூட விடவில்லை.

"முல்லை உடயல்ல. நாந்தான் அத முன்னால வைக்கச் சொன்னேன்."

அவன் தங்கையைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா மக்கா?"

"வரஞ்சவளுக்குத் தெரியாதா அண்ணே?"

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"பிரதிஷ்டை அன்னைக்கு மைனி அவ்வளவு சந்தோஷமா நிண்ணாவ."

தங்கபாய்க்கு அந்த நாள் முழுதும் நினைவுக்கு வந்தது. தான் சிரித்த ஒவ்வொரு சிரிப்பையும் ராகேல் பார்த்திருக்கிறாள்.

தேவகுமார் கடப்பாரையை எடுத்தான். பின்சுவரில் நாலு செங்கல் விழுந்ததும் வாசல்காற்று வீட்டைக் கடந்து ஓடியது. ராகேல் கண்மூடி இழுத்து இழுத்துக் குடித்தாள்.

"நீங்களும் இங்க வந்து நில்லுங்க மைனி."

தங்கபாய் குனிந்து உடைந்த கற்களைப் பொறுக்கிக்கொண்டு முற்றத்து வெயிலுக்குப் போனாள். அந்தக் காற்றில் நிற்க அவளுக்கு முகமில்லை.